விளக்கைக் குளிர வைத்தோம், குளிரூட்டியை மறந்தோம்



கோடை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் யாத்திரைப் பேச்சும் பிறந்துவிடும். பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மகனுக்கோ மருமகனுக்கோ சில நாள் ஓய்வு. இத்தனை நாள் மனத்தில் முடிந்து வைத்திருந்த பிரார்த்தனைகளை நிறைவேற்ற இதுவே தருணம் என்று பெட்டி கட்டத் தொடங்குகிறோம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதற்கு நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தனர். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பர். துளசிக்கு நீர் வார்ப்பர். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்பர். பூஜையறை விளக்கை ஊதி அணைப்பதில்லை. ‘அணைத்தேன்’ என்ற சொல்லையும் நாவில் எடுப்பதில்லை. ‘விளக்கைக் குளிர வைத்தேன்’ என்றோ, ‘மலையேற்றினேன்’ என்றோதான் சொல்வர். ஆளில்லாத வீட்டில் நெருப்பு இருக்கலாகாது என்ற எச்சரிக்கையை, அமங்கலச் சொல் கலவாமல் பக்தியோடு பிணைத்துச் சொல்லிக் கொடுத்த அருமை அது.

இன்று நம் வீடுகளில் விளக்கைத் தவிர வேறு பலவும் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றுள் ஒன்றான குளிரூட்டியைப் பற்றி, ‘ஏ.சி.’ என்று நாம் சொல்லும் அந்தச் சாதனத்தைப் பற்றி, இவ்வாரம் எழுத எண்ணம். பக்தி இதழில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். காசி விசுவநாதர் சந்நிதியில் நின்றபோது எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

எல்லையோர ஊரில் ஒரு குளிரூட்டி

அடியேன் வசிப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளியில். கர்நாடகமும் ஆந்திரமும் தமிழகத்தைத் தொடும் எல்லைப் பகுதி. கர்நாடகத்தில் தோன்றி வரும் மார்க்கண்டேய நதி எங்கள் பக்கத்து நிலங்களைத் தொட்டுச் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. தெருவில் நான்கு வீடு நடந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இளைஞர்களில் பலருக்கு ஓசூரிலோ பெங்களூருவிலோ தொழிற்சாலை வேலை.

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கோடையும் சற்று அடங்கியே இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்க இறங்கப் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தரும். ஓசூரில் பணிபுரியும் என் மகன், ‘அம்மாவால் இரவில் உறங்க முடியவில்லை’ என்று சொல்லி, மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் படுக்கையறையில் குளிரூட்டி ஒன்றைப் பொருத்தினான். முதலில் மறுத்த நானே பின்னர் அதற்கு அடிமையானேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு பங்குனி இறுதியில் நானும் இல்லத்தரசியும் காசி யாத்திரை புறப்பட்டோம். முன்பே இராமேசுவரம் சென்று சேது மணல் எடுத்து வைத்திருந்தோம். அதைத் திரிவேணியில் சேர்த்துக் கங்கை நீர் கொண்டு வருவதாகத் திட்டம். மொத்தம் 19 நாள். சமையல் எரிவாயுவை மூடினோம். தண்ணீர்க் குழாய்களைத் திருகினோம். விளக்கைக் குளிர வைத்தோம். முன்வாசல் துளசிக்கு நீர் ஊற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் ஒப்படைத்தோம். தெலுங்கு பேசும் அவர், ‘போயி ரண்டி’ என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். வீட்டுச் சாவியை மட்டும் பத்திரமாக நாங்களே எடுத்துச் சென்றோம். அது பத்திரமன்று, பிழை என்பது பிறகுதான் புரிந்தது.

சந்நிதியில் வந்த சந்தேகம்

காசியில் இரண்டாம் நாள். விசுவநாதர் ஆலயத்துக்குள் கைப்பேசி கொண்டு செல்ல அனுமதியில்லை; வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். நெடுநேரம் நின்று சந்நிதியை அடைந்தோம். எழுபது ஆண்டுகளாக ஏங்கிய தரிசனம். கண் மூடிக் கை குவித்த அந்தக் கணத்தில் என் மனத்தில் தோன்றிய முதல் எண்ணம் என்ன தெரியுமா? ‘குளிரூட்டியை அணைத்தேனா?’

புறப்பட்ட நாள் மதியம் வெயில் தாளாமல் அரை மணி நேரம் அதை இயக்கியது நினைவில் இருந்தது. அணைத்தது நினைவில் இல்லை. அவ்வளவுதான். சிவலிங்கம் என் கண்ணுக்கு முன்னால். என் மனமோ வேப்பனப்பள்ளியில், பூட்டிய வீட்டுக்குள். காவலர் ‘நகருங்கள்’ என்று சொல்ல, நகர்ந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும் இல்லத்தரசி என் முகத்தைப் பார்த்து, ‘என்னங்க, உடம்புக்கு முடியலையா?’ என்றாள். சொன்னேன். அவளுக்கும் நினைவில்லை.

கைப்பேசியை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மையாரை அழைத்தேன். ‘அண்ணா, வெளிப்பெட்டி ஓடற சத்தம் இப்ப இல்லை. ஆனா வீட்டுக்குள்ள பார்க்கச் சாவி இல்லையே. வராந்தாவுல மெயின் இருக்கு, அதை அணைச்சுடட்டுமா?’ என்றார்.

எளிய வினா. பதில் எளிதாக இல்லை. மெயினை அணைத்தால் குளிர்பதனப் பெட்டியும் நின்றுவிடும். அதற்குள் இல்லத்தரசியின் இரண்டு மாத இன்சுலின் குப்பிகள் இருந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில், பூட்டிய வீட்டில், மின்சாரமற்ற பெட்டியில் இரண்டு வாரம் கிடந்தால் அதை மருந்தென்று நம்பி உடலில் செலுத்த இயலாது. அணைக்காவிட்டாலோ உள்ளே என்ன நிலை என்று தெரியாது. கங்கைக் கரையில் ஒரு படித்துறையில் அமர்ந்து இதைத்தான் நாங்கள் இருவரும் ஆலோசித்தோம். இறுதியில் அவளே, ‘மருந்து போனா வாங்கிக்கலாம். வீடு போனா?’ என்றாள். மெயின் அணைக்கப்பட்டது.

நான்கு நாள் கழித்து எங்கள் பக்கம் கோடை மழை. மாங்காய் உதிரும் அளவுக்குக் காற்று; இடியும் மின்னலும். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் தொலைக்காட்சி கருகியது; ஒரு வீட்டில் குளிரூட்டியின் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை பாழாயிற்று. எங்கள் வீடு தப்பியது. ஊர் திரும்பிக் கதவைத் திறந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. ரிமோட்டில் குளிரூட்டியை அணைத்துத்தான் இருந்தேன். ஆனால் சுவரில் இருந்த ஸ்விட்சையும் ஸ்டெபிலைசரையும் அணைக்கவில்லை. பாதி அணைத்திருக்கிறேன், பாதிச் சந்தேகம் நியாயமானதே. இன்சுலின் குப்பிகள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

ரிமோட்டில் அணைப்பது அணைப்பதன்று

நம்மில் பலர் அறியாத செய்தி இது. ரிமோட் பொத்தானை அழுத்தினால் குளிரூட்டி உறங்குகிறதே தவிர, மின்தொடர்பு அறுவதில்லை. மறுபடி எப்போது அழைப்பீர்கள் என்று அதன் மின்னணுப் பலகை விழித்துக் காத்திருக்கிறது. அதற்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம். 5 வாட் என்று வைத்துக்கொண்டால் 19 நாளுக்கு இரண்டேகால் யூனிட்தான். ஆகவே கட்டணத்துக்கு அஞ்சி ஸ்விட்சை அணைக்கச் சொல்லவில்லை. மின்னல் விழும்போதும், மின்வெட்டு நீங்கி மின்சாரம் ஏறியிறங்கி வரும்போதும் அந்தத் தொடர்பின் வழியேதான் கேடு உள்ளே நுழைகிறது. அதற்காகவே சொல்கிறேன்.

குளிரூட்டி முழுவதுமாக ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கதை வேறு. ஒன்றரை டன் அளவுள்ள பழைய வகைக் குளிரூட்டியின் கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் செலவாகும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடியதாகக் கொண்டாலும் 12 யூனிட். 19 நாளில் 228 யூனிட். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு நமக்குக் கட்டணமின்றிக் கிடைப்பது 100 யூனிட் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலும், இயங்கும் நிலையில் விடப்பட்ட குளிரூட்டிகளில் பல, மின்வெட்டு ஏற்பட்டு மின்சாரம் திரும்பியதும் தாமாகவே மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். ‘எப்படியும் ஒரு மின்வெட்டில் நின்றுவிடும்’ என்ற ஆறுதலுக்கும் இடமில்லை.

‘பட்டுப் புடவைகளும் தஞ்சாவூர்ப் படங்களும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமே; குளிரூட்டியை மெல்ல ஓடவிட்டுப் போகலாமா?’ என்று அன்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் பொருளுண்டு. 1902-ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இச்சாதனத்தை வடிவமைத்தது மனிதர் சுகத்துக்காக அன்று; நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரக்காற்றால் விரிந்து சுருங்கி வண்ணம் பிசகியது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அது பிறந்தது. ஆனால் எங்கள் பக்கக் கோடை வறண்ட கோடை. அதற்குத் தேவையே இல்லை. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களிலும், ஆளில்லாத வீட்டில் அதை ஓடவிடுவதைவிடப் பொருள்களை நன்கு உலர்த்தி, சுவரை ஒட்டாமல் நகர்த்தி, வேப்பிலையோ வசம்போ இட்டு வைப்பதே நலம். சன்னல் மேலுள்ள காற்றுத் துளைகளை அடைக்காமல் விட்டால் அறை மூச்சு விடும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் மின்பணியாளர் சொல்லித் தந்ததை, இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

முதல் நாள், குளிரூட்டியின் முன்பலகையைத் திறந்து வடிகட்டி வலையை எடுத்துத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மாட்டுக. முதியவர்கள் இதற்காக நாற்காலி மேல் ஏற வேண்டாம். வீட்டிலுள்ள இளையவர்களிடம் சொல்க.

புறப்படும் நாளில், குளிரை நிறுத்தி, வெறும் விசிறி மட்டும் சுழலும்படி அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிடுக. உள்ளே குளிர்ச் சுருளில் தங்கியிருக்கும் ஈரம் வற்றிவிடும். இதைச் செய்யாவிட்டால் திரும்பி வரும்போது பூஞ்சை நாற்றம் வரவேற்கும்.

பிறகு ரிமோட்டில் அணைத்து, காற்று வரும் மடல் மூடும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்து ஸ்டெபிலைசர். அடுத்து சுவர் ஸ்விட்ச். செருகியைப் பிடுங்கக்கூடிய அமைப்பாயின் பிடுங்கிவிடுக. மின்னலுக்கு அதுவே சிறந்த காப்பு. ‘டைமர்’ ஏதேனும் வைத்திருந்தால் நீக்குக. ரிமோட்டின் மின்கலங்களையும் கழற்றி வைக்க வேண்டும். நாட்பட்டால் அவை கசிந்து ரிமோட்டைக் கெடுக்கும்.

நீர் வடியும் குழாயின் வெளிமுனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுக. ஓடாத நாள்களில் குளவியும் பூச்சியும் அங்கே கூடு கட்டும். பின்னர் தண்ணீர் அறைக்குள் சொட்டும். வெளிப்பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் முழுதும் போர்த்த வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும். எலி குடியேறி மின்கம்பியைக் கடிக்கும். மேற்புறம் மட்டும் மறைத்தால் போதும்.

குளிர்பதனப் பெட்டிக்கு உரிய ஸ்விட்ச் எது, குளிரூட்டிக்கு உரியது எது என்று மின்பெட்டியில் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி எழுதியிருந்து, சாவியும் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் இன்சுலின் பிழைத்திருக்கும். நீண்ட பயணமெனில் மருந்தைக் குளிர்காப்புப் பையில் உடன் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ அதன் முறையைக் கேட்டறிக.

நம்பகமான ஒருவரிடம் ஒரு சாவி. அருகிலுள்ள காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் விவரம். இவ்விரண்டையும் தவற விடாதீர்கள்.

சுவாமி அறையில் இரவும் பகலும் எரியும் சிறு மின்விளக்கை அணைக்கப் பலருக்கு மனம் வராது. ‘தெய்வத்தை இருட்டில் விடலாமா?’ என்பர். ஊர்க் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். உங்கள் பொருட்டு அங்கே விளக்கெரியும். வீட்டு விளக்கு நீங்கள் வரும் வரை குளிர்ந்திருக்கட்டும்.

வீட்டில் நாம் தங்கினால்

சில வேளை யாத்திரை செல்வோர் பிள்ளைகளாக இருப்பர். முழங்கால் வலியோடு வீட்டில் தங்குவோர் நாமாக இருப்போம். அப்போது மேற்சொன்னவற்றை அப்படியே தலைகீழாகக் கொள்ள வேண்டும். சிக்கனம் கருதிக் குளிரூட்டியை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் படுப்பது தவமாகாது. வயது ஏற ஏற உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைகிறது; தாகமும் சரிவரத் தெரிவதில்லை. ஆதலால் கோடை வெப்பம் முதியவர் உயிரையே பறிக்க வல்லது.

26 அல்லது 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் போதும். மத்திய அரசின் விதிப்படி 2020 ஜனவரி 1 முதல் அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே விற்பனைக்கு வருகின்றன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. பிள்ளைகள் புறப்படும் முன், ரிமோட்டை நம் கையில் கொடுத்து, நாமே இயக்கிக் காட்டும் வரை பக்கத்தில் நிற்கட்டும். ‘அதெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று நாமும் கௌரவம் பார்க்க வேண்டாம்.

திரும்பி வந்ததும்

வந்த வேகத்தில் குளிரூட்டியை இயக்காதீர்கள். முதலில் கதவு சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். வெளிப்பெட்டியின் மேல் மறைப்பையும் குழாய் முனையின் வலையையும் எடுங்கள். புறாக்கூடு, எலி கடித்த தடம் ஏதுமுண்டா என்று பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். முதல் பத்து நிமிடம் விசிறி மட்டும் ஓடட்டும்; அந்தக் காற்றுக்கு நேராக அமர வேண்டாம். கருகல் வாடை வந்தாலோ, மின்பெட்டியின் ஸ்விட்ச் தானே விழுந்தாலோ, மீண்டும் மீண்டும் தூக்கிப் போட்டுச் சோதிக்காமல் மின்பணியாளரை அழையுங்கள்.

காசியில் விட்டது

காசிக்குச் சென்றால் விருப்பமான ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவது மரபு. நான் பலாப்பழத்தை விட்டேன். ‘அந்தக் குளிரூட்டியை விட்டிருந்தா நிம்மதியா தரிசனம் பண்ணியிருக்கலாம்’ என்று இல்லத்தரசி இன்றும் கேலி செய்கிறாள்.

தமிழக அறநிலையத்துறை அண்மை ஆண்டுகளாக 60 முதல் 70 வயது வரையுள்ள அன்பர்களை இராமேசுவரத்திலிருந்து காசிக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. முதலாண்டு 200 பேர் சென்றனர். வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் அந்த வரிசையில் நிற்கும் எவருக்கும் என் நிலை நேரக்கூடாது. மறதி முதுமையின் குற்றமன்று; அதை எதிர்பாராமல் இருப்பதே குற்றம். ஆகையால் இப்போது எங்கள் வாசற்கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எரிவாயு, தண்ணீர், குளிரூட்டி, மருந்து, சாவி, விளக்கு. ஒவ்வொன்றையும் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் தொட்டுப் பார்த்து ‘ஆயிற்று’ என்பார். விளக்கு எப்போதும் கடைசி.

சென்ற மாதம் அப்படிச் செய்துவிட்டு ஓசூர் மலை மேல் சந்திரசூடேசுவரரைத் தரிசிக்கச் சென்றோம். மகன் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். சந்நிதியில் கண் மூடினேன். வேப்பனப்பள்ளி நினைவுக்கு வரவில்லை. சுவாமி மட்டும் இருந்தார்.

போய் வாருங்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.